பைபர் வள்ளத்துல இத்துப்போன உள்கட்டைய மாத்துறது எப்படி

வள்ளம் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அலைல ஏறி இறங்கும்போது காலுக்கடில தளம் லேசா உள்வாங்குச்சுன்னா நீளவாக்குல ஓடுற உள்கட்டை இத்துப்போச்சான்னு பாத்துருங்க. சுத்தியல் பிடியால தட்டுங்க, நல்ல இடம் டக்குன்னு கேக்கும், இத்த இடம் பொத்துன்னு கேக்கும். சந்தேகம்னா சின்ன டிரில் போடுங்க, தூள் கருப்பா ஈரமா வந்தா திறந்துதான் ஆகணும், மேல ஒரு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டி மூடுனா உள்ள இருக்க தண்ணி எங்க போகும்? உவரில எங்க வள்ளத்த திறந்தப்போ கட்டைய கையாலயே அள்ளுனோம், ஊறப்போட்ட புண்ணாக்கு மாதிரி, நடுவுல ஸ்குரூ மட்டும் புதுசு மாதிரி மின்னிக்கிட்டு கிடக்கு, தண்ணி இறங்குனதே அந்த ஓட்டை வழியாத்தான்.

ஆனி ஆடில இந்த வேலைய தொடாதீங்க, நம்ம கரைல அடிக்கிற காத்துக்கு ஈர ரெசின்மேல (கண்ணாடி நார ஒட்டுற பிசின்) மணலா வந்து ஒட்டும். பங்குனில பந்தல் போட்டு செய்யலாம்.

வள்ளத்துக்கு அடில மணல் மூட்டை நெருக்கி வச்சு கோணாம உக்கார வைங்க. ரெண்டு பக்கக் கட்டையையும் ஒரே நேரத்துல எடுத்துறாதீங்க, வள்ளம் வடிவம் மாறிரும். ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்தது. கிரைண்டர்ல கட்டைய மூடியிருக்க பைபர் தோல அறுக்கும்போது அடில ஒரு இஞ்ச் விட்டு அறுங்க, புதுக்கட்டை உக்கார அதுதான் அடையாளம், வள்ளத்துக்கும் வெட்டு விழாது. மாஸ்க், முழுக்கை சட்டை கட்டாயம், நார் தூள் ஒட்டுன அந்த சட்டைய பிள்ளைங்க துணியோட ஊறப்போட்டா வீடே சொறியும் பாத்துக்கிடுங்க.

உள்ள நல்ல தண்ணி ஊத்தி உப்பக் கழுவி நல்லா காயவிடுங்க. புதுக்கட்டை காஞ்சதா இருக்கணும், எல்லாப் பக்கமும் ரெசின் அடிங்க, வெட்டுமுனைக்கு ரெண்டு தடவ. காசு மிச்சம்னு கட்டைக்குப் பதிலா தெர்மாகோல் வச்சுறாதீங்க, பாலியஸ்டர் ரெசின் பட்டா அது கரைஞ்சு போகும்.

ஒரு கிலோ ரெசினுக்கு நம்ம வெயில்ல 10 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசின இறுக வைக்கிற மருந்து) பெரும்பாலும் போதும், கூடுனா கலக்குற மக்குலயே புகை வந்து கட்டியாயிரும். ஆக்ஸிலரேட்டர் (இறுகுறத வேகமாக்குற மருந்து) தனியா வாங்குனா அத முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டுத்தான் கேட்டலிஸ்ட் ஊத்தணும். ரெண்டையும் நேரா சேத்துறவே கூடாது, வெடிச்சு தீப்பிடிக்கும்.

கட்டைய புட்டி (ரெசின்ல பவுடர் கலந்த கெட்டிப் பசை) மெத்தைல உக்கார வைங்க, நேரா வள்ளத்துல இடிச்சா அந்த இடத்துல விரிசல் விழும். மூலைய புட்டி போட்டு வளைவா இழுங்க, கூர்மூலைல மேட் படியாது, காத்து நிக்கும். அப்புறம் 450 மேட், 600 ரோவிங் (நெஞ்ச கண்ணாடி நார்த் துணி), மறுபடி 450 மேட் (நம்பர் சதுர மீட்டருக்கு எத்தன கிராம்ங்கறது), ஒவ்வொண்ணும் முந்துனதவிட ரெண்டு இஞ்ச் அகலம் கூட, ரோலர் வச்சு குமிழ் இல்லாம நல்லா உருட்டணும். வள்ளத்தோட தோல்ல ஓட்டை விழுந்த இடத்த ஒட்டும்போது தோல் கனத்த மாதிரி 12 மடங்கு சுத்தி சரிவா தேய்ங்க, 5 மில்லிமீட்டர்னா 6 சென்டிமீட்டர், மழமழன்னு இருக்க பழசுமேல ஒட்டுனா உரிஞ்சு வரும்.

கடைசில ஸ்குரூ. முதல்ல பெரிய ஓட்டையா போட்டு புட்டி நிரப்பி இறுகுன பிறகு நடுவுல சின்னதா டிரில் பண்ணுங்க. இதுல சோம்பப்பட்டுத்தான் நாங்க ஒரு பக்கத்த ரெண்டாவது தடவ திறந்தோம்.