குறைமாதக் குழந்தைக்குக் கங்காரு பராமரிப்பு: முதல் முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இனி மார்போடு வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரோ செவிலியரோ அனுமதி தந்துவிட்ட பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். குழந்தையைப் பெரியவரின் வெற்று மார்பில் தோலோடு தோல் படுமாறு கட்டிச் சூடாக வைத்திருப்பதே கங்காரு பராமரிப்பு. என் மகளை இந்த முறையில் வளர்த்தெடுத்தவள் நான். சொல்லித்தந்தவர்கள் "தோலோடு தோல் படும்படி அணைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டதை, கை எங்கே இருக்க வேண்டும், கழுத்து எப்படி இருக்க வேண்டும், துணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று விரித்துச் சொல்வதே என் நோக்கம்.

இதைக் கொஞ்சுதலாக எண்ணாமல் சிகிச்சையாக எண்ணுங்கள். 1978ஆம் ஆண்டு கொலம்பியாவின் பொகொட்டா நகரில், குழந்தையைச் சூடாக வைக்கும் பெட்டிகளான இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகள், குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம், இயன்ற அளவு அதிகமாக, இதைச் செய்யச் சொல்கின்றன. தானாக மூச்சுவிட இயலாத, உடலில் ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) உள்ள, செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படுகிற குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்குப் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்கின்றன. இதற்கு வலுவான காரணம் உண்டு. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவுக்குக் கீழும் எடையுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடன் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 விழுக்காடு. நிலை சீரான பிறகே வைக்கப்பட்டவர்களில் அது 15.7 விழுக்காடு.

மார்புச் சூடு உடல் வளர்ச்சிக்கு எப்படி உதவுகிறது?

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் இல்லை, தோல் மெலிது, எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே அதன் உடலிலிருந்து வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய அது ஆக்சிஜனையும் சர்க்கரையையும் செலவழிக்கிறது. எடையாக மாற வேண்டிய பால் சூடாக மாறிப் போய்விடுகிறது. தாயின் மார்பு அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறது. குழந்தையின் மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன, உறக்கம் ஆழமாகிறது, தாய்க்குப் பால் சுரப்பும் கூடுகிறது. எடை கூடுவதற்குப் பின்னால் இவை எல்லாமே சேர்ந்து நிற்கின்றன.

ஆயத்தம்

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மோதிரம், கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். கழிப்பறைக்குச் சென்று வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, குடிநீரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழுவதும் திறக்கும் சட்டை போதும், உள்ளாடை வேண்டாம். குழந்தைக்குத் தொப்பி, டயாபர், தேவையானால் காலுறை. இவற்றைத் தவிர வேறு உடை இருந்தால் தோலும் தோலும் படாது.

குழந்தையைக் கட்டுவதற்குப் பலவிதக் கொக்கிகளும் பட்டைகளும் வைத்த பைகள் விற்கப்படுகின்றன. என் கருத்தில் அவை இவ்வளவு சிறிய குழந்தைக்கு ஏற்றவையல்ல. குழந்தையின் உடலுக்கும் பைக்கும் இடையே விடப்படும் வெற்றிடத்தில் குழந்தை மடிந்து சரிகிறது. இழுத்தால் விரியும் தன்மையுள்ள அகலமான பருத்தித் துணியே எனக்குப் பிடித்தது. அதைவிட முக்கியமாக நான் பரிந்துரைக்கும் கருவி ஒரு சிறிய கைக்கண்ணாடி. மார்பில் நிமிர்ந்து கிடக்கும் குழந்தையின் முகம் தாயின் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் மூக்குத் துளைகள், உதட்டின் நிறம், மோவாய் எங்கே இருக்கிறது என்பது எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

குழந்தையை மார்புக்கு மாற்றுதல்

இன்குபேட்டர் அல்லது தொட்டிலின் அருகில் நின்றுகொண்டு, ஒரு கையைக் கழுத்துக்கும் பின்தலைக்கும் அடியிலும், மற்றொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுங்கள். கை கால்கள் மடங்கி உடலோடு ஒட்டியிருக்கட்டும். அவை திடீரென விரிந்தால் குழந்தை திடுக்கிடும், ஆக்சிஜன் அளவும் இறங்கக்கூடும். குழந்தையைத் தூக்கி உங்களிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக, நீங்கள் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுசென்று, அது மார்பில் படிந்த பிறகு இருவருமாக நிமிருங்கள். உணவுக் குழாயோ ஆக்சிஜன் குழாயோ இருந்தால், அவற்றைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்; உட்கார்ந்த பிறகு குழாய்களை உங்கள் சட்டையின் தோள்பகுதியில் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

குழந்தை இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்ந்த நிலையில், அதன் வயிறு உங்கள் மேல்வயிற்றின் மீது படியுமாறு இருக்கட்டும். தொடைகள் மடங்கி அகன்று, தவளையின் கால்களைப் போல இருக்க வேண்டும். கைகளும் மடங்கியே இருக்க வேண்டும்.

கழுத்து: இங்கே நிதானியுங்கள்

எனக்கு மிகவும் கடினமாக இருந்த கட்டம் இது. ஆகவே இதை நீட்டியே சொல்கிறேன். குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழல் மென்மையானது; தலையைத் தாங்கும் வலு கழுத்துக்கு இல்லை. மோவாய் நெஞ்சில் இடிக்குமாறு தலை முன்னே கவிழ்ந்தாலும் மூச்சு தடைப்படும். தலை பின்னே அதிகம் மல்லாந்தாலும் தடைப்படும். முகம் ஒரு பக்கம் திரும்பி, கன்னம் உங்கள் நெஞ்செலும்பில் படிந்து, மோவாய் இலேசாக உயர்ந்திருப்பதே சரியான நிலை. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் ஒரு விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். சிக்கல், குழந்தை அயர்ந்து உறங்கத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. தசைகள் தளர்கின்றன, இடுப்பு மெல்லக் கீழே இறங்குகிறது, முதுகு வளைகிறது, மோவாய் கவிழ்கிறது; இவ்வளவும் சத்தமின்றி நடப்பதால் நிம்மதியாக உறங்குகிறது என்றே தோன்றும். இதற்காகத் தலையை மட்டும் நிமிர்த்துவதில் பயனில்லை; சிறிது நேரத்தில் மீண்டும் கவிழ்ந்துவிடும். இடுப்பை மேலே ஏற்றி, அதன் அடியில் துணியை இறுக்கினால்தான் தலை தானாக நிலைகொள்ளும். நீங்களும் நேராக உட்காராமல், தலையணைகளைச் சாய்த்து வைத்து, சற்றுப் பின்சாய்ந்து அமர்ந்தால் வேலை பாதியாகக் குறையும்.

துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரட்டும். இறுக்கமான பகுதி குழந்தையின் நெஞ்சின் மேல் அமைய வேண்டும். வயிற்றில் இறுக்கம் கூடாது, ஏனெனில் இந்தக் குழந்தைகள் வயிற்றை அசைத்தே மூச்சுவிடுகிறார்கள். ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையால் குழந்தையைத் தாங்கியபடி மெதுவாக எழுந்து நின்று பாருங்கள். குழந்தை சரியவில்லை என்றால் கட்டு சரியாக உள்ளது என்று பொருள்.

ஒவ்வொரு முறையும் முகம் திரும்பும் பக்கத்தை மாற்றுங்கள். குறைமாதக் குழந்தையின் மண்டையோடு மென்மையாக இருப்பதால், எப்போதும் ஒரே பக்கம் அழுந்தினால் தலை தட்டையாகிவிடும்.

நேரமும் பாலும்

ஒரு முறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்திருங்கள். எடுப்பதும் வைப்பதும்தான் குழந்தையைக் களைப்படையச் செய்கின்றன. நாள் முழுவதும் ஒருவராலேயே இயலாது. தந்தை, பாட்டி, வீட்டிலுள்ள வேறு நலமான பெரியவர் எவரும் முறைபோட்டு வைத்துக்கொள்ளலாம்.

பாலைப் பொறுத்தவரை, உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் ஒருங்கிணைக்கும் திறன், கர்ப்ப வாரக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் குழந்தைக்குக் கைகூடுகிறது. அதற்கு முன் குழாய் வழியாகவோ சிறு கிண்ணத்தின் மூலமாகவோ பீய்ச்சிய தாய்ப்பால் தரப்படும். அந்நாட்களிலும் மார்பருகே கிடக்கும் குழந்தை காம்பை நக்கவும் வாயில் வைக்கவும் முயலும், தடுக்காதீர்கள்.

வளர்ச்சியைக் கணக்கிடுதல்

முதல் சில நாட்களில் எடை குறையும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிறந்த எடை திரும்பும். அதன் பிறகு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 கிராம் அளவில் கூடுவது நல்ல வளர்ச்சி. 1500 கிராம் குழந்தைக்கு அது ஏறக்குறைய 22 கிராம். ஒரே தராசில், ஒரே வேளையில், உடையின்றி, பால் கொடுப்பதற்கு முன் எடை பாருங்கள். ஒரு நாளின் எடையைக் கண்டு மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். வாரத்தின் போக்கைப் பாருங்கள். எடையை மட்டும் பார்ப்பதும் போதாது. தலைச் சுற்றளவு வாரத்துக்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை வளர வேண்டும். இதை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிற குழந்தைகளோடு ஒப்பிடும்போது திருத்திய வயதை, அதாவது 40 வாரம் நிறைந்து பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயதை, கணக்கில் கொள்ளுங்கள். 30 வாரத்தில் பிறந்த குழந்தை 10 வாரம் முந்திவிட்டது. அதற்கு ஆறு மாதம் நிறையும்போது திருத்திய வயது நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. தலை நிற்பதும் குப்புறக் கவிழ்வதும் உட்காருவதும் அந்த வயதுக்கு உரியவையாகவே இருக்கும். இரண்டு வயது வரை இப்படிக் கணக்கிடுவதே வழக்கம்.

எப்போது உதவி தேட வேண்டும்

உள்ளங்கால், வயிறு இரண்டையும் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாகவும் கால் குளிர்ந்தும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. மேலே இன்னொரு போர்வை போடுங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வெப்பமானியில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும்.

மூச்சு 20 வினாடி நின்றால், உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் படர்ந்தால், வலிப்பு வந்தால், விலா உள்ளிழுத்து மூச்சு வாங்கினால், பாலைத் தொடர்ந்து மறுத்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. மூச்சு நின்றால் முதலில் கழுத்தைச் சரிசெய்து, முதுகையும் உள்ளங்காலையும் தேய்த்துக்கொண்டே உதவிக்குக் குரல் கொடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

படித்தவர்கள் கேட்டதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். அறுவை சிகிச்சையில் பிரசவித்தவர்கள் காயத்தில் குழந்தையின் கால் படாதபடி சற்று மேலே வைத்து, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டு தொடங்கலாம். காய்ச்சலோ இருமலோ உள்ளவர் அந்த நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் குழந்தையை எடுக்க வேண்டாம், மற்றவர் தொடரட்டும். சோபாவில் குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு உறங்கிவிடுவது மிகவும் ஆபத்தானது. கண் சொக்குகிறது என்றால் உடனே இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்றும் பலர் கேட்டார்கள். அதைக் குழந்தையே சொல்லும். எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோவை எட்டும் காலத்தில், கால்களை உதைத்து, கைகளைத் துணிக்கு வெளியே இழுத்து, கட்டும்போதெல்லாம் நெளிந்து அழத் தொடங்கும். அப்போது நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குளிர்ந்த இரவுகளிலும் குளிப்பாட்டிய பிறகும் மட்டும் சில வாரங்கள் தொடரலாம்.