சட்டப்பள்ளியில் ஐரோப்பியக் கூட்டுறவு: கையெழுத்துக்குப் பிறகு செய்ய வேண்டியவை

சட்டப்பள்ளியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் சுவரில் கொடிகளும் கைகுலுக்கும் படங்களும் இருக்கும். எத்தனை ஒப்பந்தம் என்றால் பதில் உடனே வரும். அந்த ஒப்பந்தங்களின் பேரில் போன பருவத்தில் எத்தனை மாணவர்கள் வெளியே படித்துவிட்டு வந்தார்கள், படித்ததில் எத்தனை கிரெடிட் (பாடத்தின் படிப்புச் சுமையைக் குறிக்கும் புள்ளி) இங்கே ஏற்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். அப்போது கோப்பைத் தேடுவார்கள்.

இந்தக் குறிப்புகள் உக்ரைனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கார்கிவிலும் ஒடேசாவிலும் சட்டத்துக்கென்றே தேசியப் பல்கலைக்கழகங்கள் உண்டு. நாடு 2005இல் போலோன்யா அமைப்பில், அதாவது ஐரோப்பிய நாடுகள் தங்கள் உயர்கல்விப் பட்டங்களை ஒத்துப்போக வைக்கும் ஏற்பாட்டில், சேர்ந்தது. 2022 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளர் நாடானது, 2024 ஜூன் 25 அன்று சேர்க்கைப் பேச்சு முறைப்படி தொடங்கியது. பேச்சுவார்த்தையில் 35 அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் உள்நாட்டுச் சட்டத்தை ஒன்றியச் சட்டத்தோடு வரிவரியாக ஒப்பிட ஆள் வேண்டும். ஆகவே அங்குள்ள சட்டப்பள்ளிக்கு மாணவர் பரிமாற்றமும் ஐரோப்பிய ஒருங்கிணைப்பும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

முதலில் பணம் வரும் வழி

ஈராஸ்மஸ் பிளஸ் என்பது கல்விப் பரிமாற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் திட்டம். அதில் உக்ரைன் இணைந்த நாடு அல்ல. அதனால் அங்குள்ள சட்டப்பள்ளி பரிமாற்ற நிதிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. திட்டத்துக்கு வெளியே உள்ள நாடுகளோடு பரிமாற்றம் நடத்துவதற்கான கேஏ171 என்ற பிரிவில் போலந்து, ஜெர்மனி, லித்துவேனியா போன்ற நாட்டிலுள்ள கூட்டாளிப் பல்கலைக்கழகம்தான் தன் நாட்டில் இந்தத் திட்டத்தை நடத்தும் தேசிய முகமையிடம் விண்ணப்பிக்க வேண்டும். (இந்திய, இலங்கைச் சட்டக் கல்லூரிகளுக்கும் விதி இதுவே.) இது தெரியாமல் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு நிதிக்காகக் காத்திருப்பவர்கள் பலர். அந்த ஒப்பந்தம் ஒரு காசும் கொண்டுவராது.

விண்ணப்பக் கடைசி நாள் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். ஜனவரியில் மின்னஞ்சல் அனுப்பினால் கூட்டாளி மரியாதையாக "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பார். செப்டம்பர், அக்டோபரில் தொடங்குங்கள். வாழ்த்துக் கடிதத்துக்குப் பதில் அவர் அப்படியே விண்ணப்பத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடிய அரைப் பக்கத்தை அனுப்புங்கள்: எந்தப் பாடப்பிரிவு, எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், எத்தனை மாதம், தேர்வு எப்படி நடக்கும், கிரெடிட்டை யார் எந்த விதிப்படி ஏற்பார். கூடவே திட்டத்தில் உங்கள் நிறுவனத்தை அடையாளம் காட்டும் ஓஐடி எண், அதாவது ஆங்கில 'E' எழுத்தும் அதைத் தொடரும் எட்டு இலக்கமும். இந்த எண் இல்லாததால் கடைசி வாரத்தில் பட்டியலிலிருந்து விழுந்த கூட்டாளிகள் உண்டு.

படிக்கப் போகும் மாணவர் 2 முதல் 12 மாதம் தங்கலாம். அவருக்கு மாதம் 800 முதல் 900 யூரோ, போகும் நாட்டைப் பொறுத்து. ஆசிரியர் பயணம் குறைந்தது 5 நாள், பாடம் எடுக்கப் போகிறவர் வாரத்துக்கு 8 மணி நேரமாவது எடுக்க வேண்டும். பலர் கேட்கத் தயங்கும் தொகை ஒன்றும் இருக்கிறது. நிர்வாகச் செலவுக்காகப் பயணிக்கும் ஒவ்வொருவர் பேரிலும் 500 யூரோ வரும். அது விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போகும், கூட்டாளிகள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். பேசாவிட்டால் பிரியாது. நிறுவனங்களுக்கிடையேயான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பாடம் எல்லை தாண்டும்?

பொறியியல் மாணவர் க்ராக்கோவில் படித்த கணிதம் கீவிலும் கணிதம்தான். சட்டம் அப்படி அல்ல. போலந்தின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் உக்ரைன் நீதிமன்றத்தில் மனு எழுத அது உதவாது. சட்ட மாணவர் பரிமாற்றம் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். மாணவர் 30 கிரெடிட்டோடு திரும்புவார், துறையோ "எங்கள் குற்றவியல் நடைமுறையை நீ எழுதவில்லையே" என்று அதே பருவத்தை மறுபடி எழுத வைக்கும். அடுத்த ஆண்டு யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள்.

தீர்வு பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது. நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பின் 240 கிரெடிட்டில் ஒரு பருவத்தை, அதாவது 30 கிரெடிட்டை, உள்நாட்டுச் சட்டத்தோடு கட்டப்பட்ட கட்டாயப் பாடம் இல்லாமல் விட்டுவையுங்கள். மூன்றாம் ஆண்டு இதற்குத் தோது. அந்தப் பருவத்தில் எல்லை தாண்டும் பாடங்களை வையுங்கள்: ஒன்றியச் சட்டம், சர்வதேசப் பொதுச் சட்டம், சர்வதேசத் தனியார் சட்டம், போட்டிச் சட்டம், ஒப்பீட்டுச் சட்டம், மனித உரிமை. மனித உரிமைப் பாடத்தை உள்நாட்டுப் பாடமாகவே எண்ணலாம். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை உக்ரைனை 1997 முதல் கட்டுப்படுத்துகிறது, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளை அங்குள்ள நீதிமன்றங்கள் சட்ட மூலமாகவே கையாள வேண்டும்.

அடுத்தது கற்றல் ஒப்பந்தம். மாணவர், அனுப்பும் பள்ளி, ஏற்கும் பள்ளி ஆகிய மூவரும் மாணவர் கிளம்பும் முன்பே கையெழுத்திட வேண்டும். 'அ' அட்டவணையில் அங்கே படிக்கப்போவது, 'ஆ' அட்டவணையில் அதற்கு ஈடாக இங்கே விடுவிக்கப்படுவது. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. அங்கே ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் 3 கிரெடிட், இங்கே 5 கிரெடிட் என்றால் வாதம் முடியவே முடியாது. அங்குள்ள 30ஐ மொத்தமாக இங்குள்ள 30க்கு ஈடாக எழுதுங்கள். ஏற்க மறுப்பவர்தான் கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது 1997ஆம் ஆண்டு லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கையின் அடிப்படை. பெயர் வேறு, மணி நேரம் கொஞ்சம் குறைவு என்பதெல்லாம் கணிசமான வேறுபாடு அல்ல. உள்நாட்டு விதிக்கு உக்ரைன் அமைச்சரவையின் 2015 ஆகஸ்ட் 12 தேதியிட்ட 579ஆம் எண் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டீன் அலுவலகத்தில் உடன்படிக்கையைவிட அதற்குத்தான் மரியாதை.

பருவம் தொடங்கி முதல் சில வாரங்களில் பாடம் மாறுவது சாதாரணம். நேர அட்டவணை மோதும், இடம் நிரம்பிவிடும். மாணவர் தானாக வேறு பாடத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் சொன்னால்தான் சிக்கல். மாற்றத்துக்கென்று ஒப்பந்தத்தில் தனிப் பகுதி இருக்கிறது, அதை உடனே நிரப்பி மூவரும் மறுபடி கையெழுத்திட வேண்டும்.

மதிப்பெண்ணை மாற்றும்போது

ஜெர்மன் சட்டப்பள்ளிகளில் அளவுகோல் 0 முதல் 18 வரை. 4 எடுத்தால் தேர்ச்சி. 9 எடுத்தவரை நல்ல சட்ட நிறுவனங்கள் தேடி வரும். நம் அலுவலகத்தில் ஒருவர் கால்குலேட்டரை எடுத்து 9ஐ 18ஆல் வகுத்து 50 சதவீதம் என்று எழுதுகிறார். உக்ரைனின் நூறு மதிப்பெண் அளவில் தேர்ச்சிக்கே 60 வேண்டும். அங்கே வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளை இங்கே ஃபெயில்! இத்தாலியில் 18க்கும் 30க்கும் நடுவே, பிரான்சில் 20க்கு, போலந்தில் 2 முதல் 5 வரை. எங்குமே விகிதக் கணக்கு உதவாது.

ஐரோப்பியக் கிரெடிட் அமைப்பின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வது பரவல் அட்டவணையை. அந்தப் பள்ளியில் தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை சதவீதம் எந்த மதிப்பெண் வாங்கினார்கள் என்று கேட்டு வாங்குங்கள், உங்கள் துறைக்கும் அதே கணக்கை எடுங்கள். இரண்டையும் உச்சியிலிருந்து கீழே அடுக்கி ஒப்பிடுங்கள். அங்கே முதல் 10 சதவீதத்தில் வரும் மதிப்பெண், இங்கே முதல் 10 சதவீதத்தில் வரும் மதிப்பெண்ணாக மாறும். ஒரே ஆண்டின் எண்கள் சின்ன வகுப்பில் தாறுமாறாக இருக்கும், குறைந்தது இரண்டு ஆண்டுகளைச் சேர்த்தெடுங்கள்.

கிளம்புகிறவருக்கு

பயோமெட்ரிக் கடவுச்சீட்டு இருந்தால் உக்ரைன் குடிமக்கள் 2017 ஜூன் முதல் ஷெங்கன் பகுதியில் (உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில்) 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். ஒரு பருவம் அதைத் தாண்டும். ஆகவே நீண்ட நாள் தேசிய விசாவோ தங்கும் அனுமதியோ தேவை. ஏற்கும் பள்ளி கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கேட்கக்கூடாது, ஆனால் உள்ளூர் மாணவர்கள் கட்டும் காப்பீடு, மாணவர் சங்கச் சந்தா போன்ற சிறு தொகைகளைக் கேட்கலாம். போர்க்காலச் சட்டத்தால் பெரும்பாலான வயது வந்த ஆண்கள் நாட்டை விட்டுப் போக முடியாது. 2025 ஆகஸ்டில் 18 முதல் 22 வயது வரையானவர்களுக்குத் தளர்வு வந்தது. முதுநிலை மாணவர்களில் பலர் அந்த வயதைத் தாண்டியவர்கள். பெயர்ப் பட்டியலைக் கூட்டாளிக்கு அனுப்பும் முன் இதைச் சரிபாருங்கள், மாற்று ஆள் பெயரும் கையில் இருக்கட்டும்.

போகாதவர்களுக்கு

எப்படிப் பார்த்தாலும் வெளியே போவது சிலர்தான். மற்றவர்களுக்கு ஒன்றியச் சட்டம் வகுப்பறைக்கு வர வேண்டும். ஒன்றியச் சட்டம் என்று தனியாக ஒரு விருப்பப் பாடத்தை ஒட்டவைப்பது சுலபம், பலனோ குறைவு. ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவர் நுகர்வோர் ஒப்பந்தத்தில் நியாயமற்ற நிபந்தனை பற்றிய 93/13 டைரக்டிவை (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றிய உத்தரவை) அன்றைய வகுப்பிலேயே உள்நாட்டுச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இதற்கு மாணவர் ஒன்றியச் சட்டங்கள் கிடைக்கும் யூர்-லெக்ஸ் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் உள்ள செலெக்ஸ் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இலக்கம் 3 என்றால் சட்ட ஆவணம், 6 என்றால் நீதிமன்றத் தீர்ப்பு. அடுத்த நான்கு ஆண்டு. பிறகு வரும் ஆங்கில எழுத்து ஆர் என்றால் ரெகுலேஷன் (உறுப்பு நாடுகளில் நேரடியாகவே செல்லும் சட்டம்), எல் என்றால் டைரக்டிவ். கடைசியில் வரிசை எண். அந்தக் கணக்கில் 32016ஆர்0679 என்பது தரவுப் பாதுகாப்பு ரெகுலேஷன். ஒன்றியத்தின் லக்சம்பர்க் நீதிமன்றம் வேறு, மனித உரிமை உடன்படிக்கைக்கான ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் வேறு என்பதையும் முதல் வாரத்திலேயே தெளிவாக்குங்கள். முதுநிலை ஆய்வேடுகளில்கூட இரண்டையும் குழப்புகிறார்கள்.

இதற்கு நிதி வேண்டுமானால் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய கற்பித்தலுக்கு உதவும் ஜான் மொனே திட்டம் இருக்கிறது. இதில் உக்ரைன் பள்ளியே பிரஸ்ஸல்ஸிலுள்ள முகமைக்கு நேராக விண்ணப்பிக்கலாம். பாட அலகு என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 40 மணி நேரம் வீதம் மூன்று ஆண்டு. பேராசிரியர் இருக்கை என்றால் ஆண்டுக்கு 90 மணி நேரம், அதுவும் ஒரே ஆசிரியர். முதல் முறை விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கைக்கு ஆசைப்பட வேண்டாம். ஒருவர் நோய்வாய்ப்பட்டாலோ வேலை மாறினாலோ மொத்தத் திட்டமும் தொங்கும். பாட அலகில் மூன்று நான்கு பேர் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம்.