ஆய்வுக் கட்டுரைகளை வீட்டிலிருந்தே இறக்குவது எப்படி? முதுகலை, பிஎச்.டி. மாணவர்களுக்கு

போன டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கு ஒரே ஒரு கட்டுரை தேவைப்பட்டது. பதிப்பகத்தின் பக்கத்தைத் திறந்தால் 40 டாலர் கேட்டது. விடுதியில் கிட்டத்தட்ட ஒரு மாத மெஸ் பில் அது. அதே கட்டுரை வளாக வைஃபையில் காசில்லாமல் திறக்கும். வீட்டிலிருந்தும் அப்படித் திறக்க வழி இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடிய வேண்டும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மத்திய அரசே பதிப்பகங்களுக்குச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் வருகின்றன. மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்கள் 6,300-க்கும் மேல் இதில் அடக்கம். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு உரியது, தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

படி 1: நூலகத்தில் கணக்கு வாங்குங்கள்

துறை அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். நேராக நூலகத்துக்குப் போய், "இன்ஃபெட் ரிமோட் ஆக்சஸ் கணக்கு வேண்டும்" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். இன்ஃபெட் என்பது வளாகத்துக்கு வெளியிலிருந்தும் உங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் நுழைய இன்ஃப்லிப்நெட் நடத்தும் கூட்டமைப்பு (ஃபெடரேஷன்). பதிவு எண், பல்கலைக்கழக மின்னஞ்சல், படிப்பு முடியும் தேதி கேட்பார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள்.

படி 2: நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு நாள் போனது இங்கேதான். கட்டுரைப் பக்கத்தில் விலை காட்டும் பொத்தானுக்கு அருகில் 'ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிட்யூஷன்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். சில தளங்களில் அதற்கு 'ஷிபோலெத்' என்று பெயர். அழுத்தினால் ஒரு தேடல் பெட்டி வரும்.

நாங்கள் எல்லாரும் பேச்சில் சொல்லும் சுருக்கப் பெயரை அதில் அடித்தேன். வரவில்லை. ஊர்ப் பெயரைச் சேர்த்து அடித்தேன், அப்போதும் வரவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சந்தாவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நான்காம் நாள் நூலகருக்குப் போன் செய்தபோது, "சந்தா இருக்கு தம்பி. முதல்ல ஃபெடரேஷன் பட்டியல்ல இன்ஃபெட்டைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் சர்டிஃபிகேட்ல இருக்கிற மாதிரி முழுப் பேரை அடிங்க" என்றார். அடித்தேன், மூன்றாவது எழுத்திலேயே பெயர் வந்து நின்றது.

அதன்பின் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால், பல நேரம் கட்டுரைக்குப் போகாமல் தளத்தின் முகப்புக்குக் கொண்டுபோய் விடும். பதற வேண்டாம். கட்டுரையின் முகவரியை முன்பே நகலெடுத்து வைத்திருந்து, அதே டேபில் ஒட்டி எண்டர் தட்டுங்கள். விலை மறைந்து பி.டி.எஃப். பொத்தான் தெரியும். நண்பரின் லேப்டாப்பில் செய்தால், அவருடைய கல்லூரியின் பெயரை பிரவுசர் நினைவில் வைத்திருக்கும். இன்காக்னிட்டோ சாளரத்தில் திறப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஓர் இதழின் முழுத் தொகுதியையும் ஒரே மூச்சில் இறக்காதீர்கள். பதிப்பகம் அதை விதிமீறலாகக் கருதி உங்கள் பல்கலைக்கழகம் முழுவதற்கும் அனுமதியை நிறுத்திவைக்கலாம்.

படி 3: இறக்கியதைச் சேமியுங்கள்

இதற்கு, கட்டுரைகளைச் சேமித்துத் துணைநூற்பட்டியலும் தயாரித்துத் தரும் சோட்டீரோ மென்பொருளைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். இலவசம், திறமூலம், 300 எம்.பி. சேமிப்பிடமும் தருகிறார்கள். தமிழில் எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆசிரியர் பெயரை அது முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டமாகப் பிரிக்கும். 'சு. குமார்' என்று கொடுத்தால் துணைநூற்பட்டியலில் 'குமார், சு.' என்று புரண்டு வரும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றினால் நாம் எழுதும் முறையிலேயே நிற்கும்.

படி 4: தமிழ் ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா

சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் கிடைக்கும். கணக்கு தேவையில்லை. இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பைச் சிலர் தமிழ் எழுத்தில் உள்ளிட்டிருப்பார்கள், சிலர் ஆங்கில எழுத்தில். அதனால் இரண்டு விதமாகவும் தேடுங்கள். கோப்புக்குள் சொல் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் பல கோப்புகள் ஸ்கேன் செய்தவை அல்லது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. பொருளடக்கத்தைத் திறந்து பக்க எண்ணைப் பார்த்துப் போவதுதான் விரைவான வழி.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர், தாங்கள் சுயநிதிக் கல்லூரியில் படிப்பதாகவும் மேலே சொன்னது எதுவும் வேலை செய்யவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். திட்டத்தின் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்கள் மட்டுமே இருக்கின்றன. நீங்கள் நூலகரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: கல்லூரி 'என்-லிஸ்ட்' உறுப்பினரா, 'டெல்நெட்' உறுப்பினரா? முதலாவது இருந்தால் கல்லூரி மாணவர்களுக்கான மின்னிதழ்களும் மின்னூல்களும் கிடைக்கும். இரண்டாவது இருந்தால், தேவையான கட்டுரையை வேறொரு நூலகத்திலிருந்து நூலகரே வரவழைத்துத் தர முடியும்.

இரண்டுமே இல்லையென்றால் பிரவுசரில் 'அன்பேவால்' நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இலவசப் பிரதி சட்டப்படி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து காட்டும். அதுவும் இல்லையா, கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பெயர், படிக்கும் துறை, எந்த இயலுக்கு இந்தக் கட்டுரை வேண்டும் என்று நான்கு வரி போதும். நான் இதுவரை ஆறு பேருக்கு எழுதியிருக்கிறேன், ஐந்து பேர் பி.டி.எஃப். அனுப்பினார்கள். ஒருவர் அச்சில் வராத அட்டவணைகளையும் சேர்த்து அனுப்பினார்.