சீல் அடித்த பிரதி

கனடாவுக்குப் போகிறவனுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பருத்தித்துறையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ மலைநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு, பேராதனைக்கும் பதுளைக்கும், படிக்க வருகிற பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இதுவும் வெளிநாடுதான். பாஷை வேறு, மழை வேறு, கன்டீன் பருப்பின் ருசி வேறு. அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்து, இரண்டரை மணிநேர பஸ்ஸில் வந்து சேர்ந்த எனக்கே முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது.

பதிவு, விடுதி, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் உங்களுக்கு வரும் கடிதத்திலேயே இருக்கும். அதன்படி செய்தால் போதும். பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, தேசிய அடையாள அட்டை ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி கையில் இருக்கட்டும். மாதாமாதம் கிடைக்கும் உதவித்தொகைகளான மகாபொல, பர்சரி விண்ணப்பங்களைத் தள்ளிப் போடாதீர்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூடியது. மாதச் சாப்பாட்டில் பெரும்பகுதி அதில்தான் ஓடும். தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றை வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரே மனிதர் மூன்று எழுத்துக்கூட்டலில் வாழ்கிறார். வருமானச் சான்று கேட்கும்போதுதான் அது தலைவலியாகும்.

அப்புறம், உங்களுக்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதை முதல் வாரமே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். விடுதிக்கு வார்டன், சப் வார்டன். பீடத்துக்கு மாணவ ஆலோசகர்கள், அவர்களுக்கு மேலே சிரேஷ்ட மாணவ ஆலோசகர். சுகாதார நிலையத்தில் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி. ஆங்கிலம் சொல்லித்தர ஒரு பிரிவு. நான் அந்த ஆங்கில வகுப்புக்கு வெட்கப்பட்டுப் போகாமல் இருந்தேன். கொழும்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் வருஷம் ஒருநாள் எட்டிப் பார்த்தால், அங்கே இருந்த பாதிப் பேர் மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள். என்னைவிடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

மனசு சரியில்லை என்றால் ஆலோசகரிடம் போக யாரும் தயாரில்லை, 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடுமாம். கதவைத் தட்டக் கால் வராவிட்டால் 1926 க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை.

தோட்டத்தில் துரைக்கு, அதாவது தோட்ட நிர்வாகிக்கு, முன்னால் யாரும் நேரே போய் நிற்பதில்லை. லயத்துக் கூரை ஒழுகினால் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்வோம். தலைவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், அவர் ஆபீசில் சொல்வார், என்றைக்காவது ஒருநாள் தகரம் வரும். வடக்கு கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் புதிதில்லை. ஊரில் அதிபருக்கு அப்பாவைத் தெரியும், கிராம சேவகர் மாமாவோடு படித்தவர். வாயால் சொன்ன சொல்லே கடிதம்.

நானும் அந்தப் பழக்கத்தோடுதான் போனேன். மூன்றாம் வருஷம், பரீட்சைக்கு முதல்நாள் இரவு காய்ச்சல் 103. காலையில் எழும்ப முடியவில்லை. சீனியர் அண்ணா ஒருவருக்குப் போன் பண்ணினேன். "நீ வீட்டுக்குப் போ தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்றார். நம் தலைவர் மாதிரியே சொன்னார், எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அண்ணா டெமோவிடம், அதாவது ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இளம் உதவி விரிவுரையாளரிடம், சொன்னார். டெமோ, பாடம் எடுக்கும் சேரிடம் சொன்னார். சேர், "பரவாயில்லை, மெடிக்கலைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றாராம். நான் ஊரில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் மருத்துவச் சான்றுத் துண்டு வாங்கி, அறைத் தோழனிடம் கொடுத்தனுப்பினேன். அவன் டெமோவின் மேசையில் வைத்தான். டெமோவுக்கு அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது.

நாலு மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. அந்தப் பாடத்துக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது.

ஆபீசுக்கு ஓடினேன். மெடிக்கல் எதுவும் வரவில்லை என்றார்கள். கொடுக்க வேண்டிய கெடு எப்போதோ முடிந்திருந்தது. துண்டைத் தேடிப் பிடித்திருந்தாலும் பயனில்லை, பல்கலைக்கழக வைத்திய அதிகாரி அதைப் பார்த்ததே கிடையாது. சேரிடம் போனேன். நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். அவருக்கு என்மேல் கோபமும் இல்லை, அதைச் சரிசெய்யும் அதிகாரமும் இல்லை. பரீட்சைக்கு வராததை ஏற்றுக்கொள்வது பரீட்சைச் சபையின் வேலை. சபைக்கு முன்னால் போவது காகிதம் மட்டும்தான். உங்கள் அறைத் தோழன் அங்கே போகமாட்டான், சேரின் நல்ல மனசும் போகாது.

மெடிக்கல் ஏற்கப்பட்டிருந்தால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்காகியிருக்கும். ஏற்கப்படாததால் எனக்கு அது ரிப்பீட். ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேலே தரமாட்டார்கள், அதாவது 2.0. என் மற்றப் பாடங்களைப் பார்த்தால் அதில் பி பிளஸ் வந்திருக்கும், 3.3. மூன்று கிரெடிட் பாடம், மொத்தம் 120 கிரெடிட். கடைசியில் என் ஜீபீஏ, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி, 3.28 இல் நின்றது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். இந்தக் கணக்கை நான் எத்தனை இரவு போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அதனால் காய்ச்சல் வந்தால், நடக்க முடிந்தால் முதலில் பல்கலைக்கழக சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊரில் விழுந்துவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்து, திரும்பி வந்ததும் வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். கெடு எத்தனை நாள் என்பது பீடத்துக்குப் பீடம் மாறும், மாணவர் கைநூலில் இருக்கும். நல்லா இருக்கும்போதே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். உதவிப் பதிவாளரின் ஆபீசுக்குக் கடிதத்தோடு நீங்களே போங்கள். எழும்பவே முடியாது என்றால் அம்மாவோ அப்பாவோ போகட்டும். கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு சீல் வாங்க வேண்டும்.

கவுன்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். 1987 இல் 13 ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரசகரும மொழிதான், தமிழில் கடிதம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கெடு நாளைக்கு முடிகிறது என்றால் உரிமைப் போராட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் நாலு வரி எழுதுங்கள், அது வேகமாகப் போகும். வாயால் சொல்ல இரண்டு சிங்கள வசனம் போதும். "மிஸ், மே லியும பாரதென்ன ஆவே." இந்தக் கடிதத்தைக் கொடுக்க வந்தேன். "சீல் எகக் கஹலா தென்ன புளுவன்த?" ஒரு சீல் அடித்துத் தரமுடியுமா? அதற்கு அவர் "ஹெட்ட என்ன" என்பார், நாளைக்கு வா என்று. சிரித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். எனக்குத் தெரிந்து, பத்து நிமிஷம் சும்மா நின்றவனுக்குச் சீல் கிடைக்காமல் போனதில்லை.

சீனியர்களைப் பற்றி ஒன்று. கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கூட்டிப்போய், திரும்பும்போது பிளேன்டியும் வாங்கித் தந்த அண்ணாமாரும் அக்காமாரும் எனக்கு இருந்தார்கள். ஊர் ஞாபகம் தொண்டையை அடைக்கிற நேரத்தில் அவர்கள்தான் துணை. ஆனால் "ஆபீசுக்கெல்லாம் போகாதே, எதுவானாலும் எங்களிடம் சொல்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பாதிப் பேர் அதை அன்பில் சொல்கிறார்கள். மீதிப் பேருக்கு, நீங்கள் நேரே போய்ப் பழகிவிட்டால் ராகிங்கையும் நேரே போய்ச் சொல்லிவிடுவீர்களே என்ற பயம். பகிடிவதைக்கு எதிராக 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வார்டன், மாணவ ஆலோசகர், ஒழுக்கத்தைப் பார்க்கும் புரொக்டர் மூவரிடமும் போகலாம். அங்கேயும் எழுதிக் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் என் சித்தப்பா மகளுக்கு இடம் கிடைத்தது. போகும்போது பெட்டியில் கம்பளியைவிட முதலில் ஒரு ஃபைல் கவரைத்தான் வைத்துக் கொடுத்தேன். "அண்ணனுக்கு இதே பேச்சு" என்று சித்தி சிரித்தார். ஆறாவது வாரம் தங்கச்சிக்கு அம்மை போட்டது. சித்தப்பா அன்றைய நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வாழ்நாளில் தோட்ட ஆபீசுக்குள்ளேயே காலடி வைக்காத மனிதர். மத்தியானம் இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. சீல் தலைகீழாக இருந்தது, திகதி தெளிவாக இருந்தது.