மறுமுனையில் 'ஓகே', இங்கே ஒன்றுமில்லை: ஃபேக்ஸை மெயிலுக்குத் திருப்பும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், இபிஏபிஎக்ஸில் (அலுவலகத்துக்குள் இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) வரும் ஃபேக்ஸை ஆளாளுக்கு மெயிலில் போகும்படி செய்துவிட்டு, "முடிஞ்சிருச்சுண்ணே" என்றார். எட்டிப் பார்த்தால், ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்து. பாஸ்வேர்டு பிழை மாதிரியானவை தானாகவே தெரிந்துவிடும், அவற்றை விடுங்கள்.

ஆள் பெயருக்கே அனுப்புவது

ஒவ்வொருவருக்கும் ஒரு நேரடி எண். அதில் வரும் ஃபேக்ஸ் பிடிஎஃப் ஆகி அவர் மெயிலில் விழும். கீழக்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். ஆர்டர் பார்த்த அக்கா கல்யாணமாகி வேலையை விட்டார். அவர் மெயிலை மூடினார்கள், ஃபேக்ஸ் எண்ணை யாரும் மாற்றவில்லை. ஜப்பானிலிருந்து திருத்தம் வந்தது: கணவாய் 8 டன் வேண்டாம், 5 போதும். அனுப்பியவர் கையில் 'ஓகே' என்று அச்சான தாள். இங்கே யார் கண்ணிலும் படவில்லை. 8 டன்னும் தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

அந்த 'ஓகே'யைச் சொல்வது இபிஏபிஎக்ஸ். பக்கம் தன்னிடம் வந்துவிட்டது என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. அப்புறம் மெயில் போனதா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியே இல்லை. திரும்பி வந்த மெயில்களோ, யாரும் திறக்காத 'நோ ரிப்ளை' பெட்டியில் கிடந்தன. அதை அப்படி அமைத்ததும் நான்தான். போதாததற்கு, மெயில் கிளம்பியதும், ஃபேக்ஸ் பக்கம் படமாகப் பதிவாகியிருக்கும் அசல் டிஃப் கோப்பை அழிக்கச் சொல்லியிருந்தேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்ணை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், வேலைக்குக் கொடுங்கள்: ஆர்டர், ஷிப்பிங், கணக்கு. பொதுப் பெட்டிக்கு ஒரு நகல் போகட்டும். திரும்பி வரும் மெயில், தினமும் பெட்டியைத் திறக்கிற ஒருவருக்குப் போகட்டும். டிஃப் கோப்பு சில மாதமாவது இருக்கட்டும், அது என்ன இடத்தை அடைத்துவிடப் போகிறது?

ஜி.729

இன்டர்நெட் வழி லைனில் பேச்சை நொடிக்கு 8 கிலோபிட்டாகச் சுருக்கி அனுப்பும் முறை இது. அதில் பேச்சு பிழைக்கும், ஃபேக்ஸ் பிழைக்காது. ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறையை வையுங்கள், லைன் கொடுப்பவரிடம் அது இல்லையென்றால் அவ்வளவாகச் சுருக்காத ஜி.711.

பேச்சுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே எண்

அனுப்பும் மெஷின் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி கூவும், 3 நொடி சும்மா இருக்கும், மறுபடி கூவும். அதைக் கேட்டுத்தான் வந்தது ஃபேக்ஸ் என்று இபிஏபிஎக்ஸ் கண்டுபிடிக்கும். தம்பி அதை 2 நொடிதான் கேட்க வைத்திருந்தார். பாதி ஃபேக்ஸ் ரிசப்ஷனில் இருந்த பெண்ணின் காதில்தான் கூவியது. சில பழைய மெஷின்கள் கூவவே கூவாது. ஃபேக்ஸுக்குத் தனி எண்ணே வாங்கிவிடுங்கள்.

உப்புக்காற்று

செம்பு லைனா? முதலில் இணைப்பில் ஏறிய களிம்பைச் சுரண்டுங்கள், அப்புறம் செட்டிங்கைத் தொடலாம்.