அமெரிக்காவுக்கு புளூடூத் கருவி அனுப்புகிறீர்களா? மாட்யூல் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சொந்தமாக ரேடியோ சர்க்யூட் வடிவமைக்காமல், எஃப்.சி.சி. (அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அனுமதி ஏற்கெனவே பெற்ற புளூடூத் மாட்யூலை, அதாவது தயார்நிலையில் கிடைக்கும் ரேடியோ பாகத்தை, வாங்கிப் பொருத்துங்கள். ரேடியோ பகுதிக்கான சோதனையை மாட்யூல் தயாரிப்பாளரே முடித்திருப்பார் என்பதால், அந்தப் பெரிய செலவு உங்கள் தலையில் விழாது. கருவியின் மேல் 'கன்டெயின்ஸ் எஃப்.சி.சி. ஐ.டி.' என்று போட்டு மாட்யூலின் எஃப்.சி.சி. அனுமதி எண்ணை அச்சிட வேண்டும். மற்ற மின்னணுப் பகுதியின் தேவையற்ற கதிர்வீச்சுக்கான சோதனை மட்டும் எப்படியும் உண்டு.

ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன் அந்த எண்ணை எஃப்.சி.சி. தளத்தில் தேடி, அனுமதிச் சான்றின் அடியில் இருக்கும் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். 'ஆட்களிடமிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி' என்று நிபந்தனை இருந்தால், கையில் கட்டுவதற்கும் சட்டைப்பையில் வைப்பதற்கும் அந்த அனுமதி அப்படியே செல்லாது. விலைப்பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். சான்றில் இல்லாத வகை ஆன்டெனாவை மாட்டினாலும் இதே கதைதான்.

ஐரோப்பாவுக்கு இந்த வழி முழுதாக உதவாது. மாட்யூலின் சோதனை அறிக்கைகளைப் பயன்படுத்தலாம், சரி, ஆனால் 2014/53/இ.யூ. என்ற ஐரோப்பிய ரேடியோ கருவி விதிப்படி முழுக் கருவிக்கும் நீங்கள்தான் பொறுப்பு.