உறைந்த அருவியைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி மாதத்தில் சென்னையில் 'பனி பெய்கிறது' என்றால், விடியற்காலை மூட்டத்தையும் புல்நுனியில் நிற்கும் துளிகளையும்தான் சொல்கிறோம். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் உறைந்த அருவி ஏறப் புறப்படும்போதும் அந்தப் பழக்கத்தோடுதான் போகிறோம் என்பதால், முதல் தவறு தொலைபேசியிலேயே நடந்துவிடுகிறது. ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவில் இருப்பவரிடம் 'அங்கே பர்ஃப் எப்படி?' என்று கேட்டால் 'நிறைய இருக்கிறது' என்பார். இந்தியில் பர்ஃப் என்பது வானிலிருந்து விழும் பொழிபனிக்கும் நீர் உறைந்த கட்டிக்கும் பொதுவான சொல். நாம் ஏறப்போவது கட்டியில், அவர் சொன்னதோ பொழிபனியாக இருக்கலாம். ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்: அருவி அடிவரை உறைந்து தரையைத் தொட்டிருக்கிறதா, உள்ளே நீரோடும் சத்தம் கேட்கிறதா, கடைசியாகப் பனி பொழிந்தது எந்த நாள், அதன் பிறகு காற்று எப்படி அடித்தது.

அடுத்த தவறு, கைபேசி காட்டும் ஓர் எண்ணை நம்புவது. மைனஸ் 15 என்று பார்த்ததும் அருவி இறுகிவிட்டது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அந்த எண் இந்த நேரத்துக் காற்றுக்கு உரியது. பனிக்கட்டியோ கடந்த பல நாட்களின் கணக்கு. ஒருவாரம் வெயிலடித்துவிட்டு நேற்றிரவு மட்டும் குளிர்ந்திருந்தால், மேலே ஓடு கட்டியிருக்கும், அதன் பின்னால் நீர் ஓடிக்கொண்டிருக்கும். மேலும் 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கும் அமைதியான, தெளிந்த இரவுகளில் பொய்த்துவிடுகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால், கிராமத்தைவிட மேலே உள்ள சரிவு வெதுவெதுப்பாக இருக்கக்கூடும். அருவி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் அந்த எண்ணில் இல்லை. காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தாலும், தெற்குப் பார்த்த கரும்பாறை வெயிலில் சூடேறி, பனிக்கட்டி பாறையைப் பிடித்திருக்கும் ஓரத்தையே முதலில் இளக்கிவிடும். எனவே ஓர் எண்ணுக்குப் பதிலாக, குறைந்தது ஐந்து நாட்களின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளை வரிசையாக எழுதிப் பார்ப்பதே என் வழக்கம்.

குளிர் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பதுதான், என் பார்வையில், மிகவும் ஆபத்தானது. வெப்பமான நாளுக்குப் பிறகு சட்டென்று கடுங்குளிர் இறங்கும்போது பனிக்கட்டி சுருங்குகிறது. மேலும் கீழும் இறுகப் பிடிபட்டுத் தனித்து நிற்கும் தூண் போன்ற அருவியில் அந்த இழுவிசை வெடிப்பாக முடியும், சில சமயம், ஏறுவதற்காகக் கட்டியில் குத்தும் கோடரியின் ஓர் அடியே அதற்குப் போதும். மிகக் குளிர்ந்த கட்டி நொறுங்கும் தன்மை கொண்டது: கோடரி முனை பதிவதற்குப் பதிலாகத் தட்டு வடிவில் ஒரு வில்லை பெயர்ந்து முகத்தை நோக்கி வரும். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 வரை, அதுவும் சில நாட்கள் பெரிய மாற்றமின்றி நீடித்த குளிரில், அதே கோடரி மந்தமான 'தொப்' என்ற ஒலியோடு இறங்கி நிற்பதைக் கை உணரும்.

நிறமும் பேசும். காசிமேட்டில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் பாரைப் பார்த்தவர்களுக்கு, ஓரம் கண்ணாடியாகவும் நடு வெள்ளையாகவும் இருப்பது தெரியும். நீரில் கரைந்திருந்த காற்று, கடைசியில் உறையும் நடுப்பகுதியில் குமிழிகளாகச் சிக்குவதே அந்த வெள்ளை. அருவியிலும் நீலம் அடர்த்தியைக் காட்டும், வெள்ளை காற்றைக் காட்டும். வெள்ளைப் பகுதியில் கோடரி சுலபமாக ஏறுகிறதே என்று மகிழ்ந்து பாதுகாப்புக் கயிற்றை மாட்டும் திருகாணியான ஐஸ் ஸ்க்ரூவையும் அங்கேயே திருகுவது தவறு. மேலோட்டைச் செதுக்கி நீக்கி, உறுதியான கட்டி தென்படும் இடத்தில்தான் திருக வேண்டும்.

பொழிபனி மூடிய அருவி நன்கு உறைந்திருக்கும் என்பதும் தவறான ஊகமே. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் நம் ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்ட காலத்தில், அமெரிக்க ஏரிகளின் பனிக்கட்டி மரத்தூளில் பொதியப்பட்டுக் கப்பலில் வந்தது. மரத்தூள் வெப்பத்தை உள்ளே விடாததுபோல, பொழிபனி குளிரை உள்ளே விடாது. அடியில் உறைதல் தடைபடும்.

இதைவிடப் பெரிய கவலை அருவிக்கு மேலே இருக்கிறது. மேற்கிலிருந்து வந்து குளிர்காலத்தில் இமயத்தில் பனி பொழியவைக்கும் மேற்கத்திய இடையூறு ஒன்று பனியைக் கொட்டிவிட்டுப் போன மறுநாள் வானம் நீலமாக இருக்கும், எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அருவிகள் இருப்பது பெரும்பாலும் ஓடைவழிகளில். அவையே பனிச்சரிவு இறங்கும் வழிகள். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவு மேலே இருந்தால், முதல் இரண்டு நாட்கள் அதன் கீழே நிற்கவே கூடாது. பொழிவே இல்லாமல் காற்று மட்டும் பனியை அள்ளி வந்து குவித்திருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இந்த இரண்டு நாட்களைத்தான் சென்னையிலிருந்து போகும் நம்மால் விட்டுக்கொடுக்க முடிவதில்லை. மணாலி பக்கமிருந்து ஸ்பிதிக்கு வரும் வழியான குன்சம் கணவாய் குளிர்காலத்தில் மூடியிருப்பதால், சண்டிகர் போய், சிம்லா, கின்னௌர் வழியாகக் காஸா சேர்ந்து, அந்த உயரத்துக்கு உடலைப் பழக்கி முடிப்பதற்குள் விடுப்பில் பாதி கரைந்துவிடுகிறது. ஒரு ஜனவரியில் எங்கள் கடைசி நாளன்று, அருவியின் அடியில் காதை வைத்துக் கேட்டபோது உள்ளே நீர் சலசலத்தது. ஆனாலும் ஏறலாம் என்றே நால்வரில் மூவர் சொன்னோம், நானும் அந்த மூவரில் ஒருவன். நான்காமவர் பிடிவாதமாக மறுத்ததால்தான் திரும்பினோம். அதன் பிறகு, திரும்பும் டிக்கெட்டை எடுக்கும்போதே மூன்று நாட்களைக் கூடுதலாக வைத்து எடுக்கிறோம். ஒருவர் வேண்டாம் என்றாலும் ஏறுவதில்லை என்பதையும் சென்ட்ரலிலோ மீனம்பாக்கத்திலோ வண்டி ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்கிறோம்.